7 நாள் சைக்கிளை விட்டு இறங்காதவர்! 51 மணி நேரம் கடலில் நீந்தியவர்!

கொழும்பு நகரில் விகாரமகாதேவி பூங்கா என்று ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. 1979-ம் ஆண்டு மே மாதம் 2-ந்தேதி ஒருவர் அங்கே சைக்கிளில் ஏறினார். பூங்காவைச் சுற்றி மிதிக்கத் தொடங்கினார்.

பகல் போனது. இரவு வந்தது. அவர் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இறங்கவில்லை.

அவர் இறங்கியது எப்போது தெரியுமா? 10-ந்தேதி!

மொத்தம் 187 மணி 28 நிமிஷம். அதாவது 7 நாள், 19 மணி, 28 நிமிஷம். கின்னஸ் உலக சாதனைப் புத்தகத்தில் அது இடம் பெற்றது.

இவ்வளவு நேரம் சைக்கிள் ஓட்டியவர் யார்? சர்க்கஸ்காரரா? இல்லை. சைக்கிள் பந்தயத்தில் சம்பாதிக்கிறவரா? அதுவும் இல்லை.

அவர் ஒரு வக்கீல்! கோர்ட்டில் வாதாடுவது அவருடைய தொழில். சைக்கிளும் நீச்சலும் அவருடைய ஆசை.

அவர் பெயர் குமார் ஆனந்தன். இலங்கைத் தமிழர். யாழ்ப்பாணப் பகுதியில் கடலோரமாக இருக்கும் வல்வெட்டித்துறையில் 1943-ல் பிறந்தவர். அங்குள்ளவர்கள் அவரை "ஆழிக்குமரன்" என்று அழைக்கிறார்கள். ஆழி என்றால் கடல். கடலின் பிள்ளை என்று பொருள். அந்தப் பட்டம் சும்மா வந்தது அல்ல. கொழும்பில் சைக்கிள் ஏறுவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன்பே அவர் கடலில் இறங்கிக் காட்டியவர்.

எரியோட்டுக் கணக்கு

187 மணி நேரம் என்று படிக்கும்போது அதன் அருமை தெரியாது. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால்தான் தெரியும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் எரியோடு என்ற ஊர் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகும் வழியில், ஏறத்தாழ 20 கிலோ மீட்டரில் இருக்கிறது. பஸ் குறைவாக இருந்த காலத்தில் அந்த வட்டாரத்தில் சைக்கிள்தான் எல்லாவற்றுக்கும் துணை. சந்தைக்குப் போகிறவர், மில்லுக்குப் போகிறவர், பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர், பின்னால் பெண்டாட்டியையும் முன்னால் பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறவர் என்று எல்லாரும் சைக்கிள்காரர்கள்தான்.

மணிக்கு 10 கிலோ மீட்டர் என்று மெள்ள மிதிப்பதாக வைத்துக்கொள்வோம். 187 மணி நேரத்தில் எவ்வளவு தூரம் வரும்? 1,870 கிலோ மீட்டர். எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு 46 தடவை போய்த் திரும்புகிற தூரம் அது. நடுவில் கண் மூடக்கூடாது. காலைக் கீழே ஊன்றக்கூடாது!

வயது முதிர்ந்த வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு காட்சி நினைவுக்கு வரும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதேபோல் ஒரு நிகழ்ச்சி நடப்பது உண்டு. ஊர்ப் பொதுத் திடலில் நடுவே ஒரு கம்பம் நடுவார்கள். ஒலிபெருக்கி கட்டுவார்கள். சைக்கிள்காரர் ஒருவர் அந்தக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். 5 நாள், 7 நாள் என்று ஓட்டுவார். சைக்கிளில் இருந்தபடியே குளிப்பார். சோறு சாப்பிடுவார். சட்டை மாற்றுவார். கைப்பிடியை விட்டுவிட்டுத் தலை வாருவார். ராத்திரி ஆனால் பாட்டும் கூத்தும் நடக்கும். ஊர் ஜனங்கள் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தி அனுப்புவார்கள். "விடியற்காலையில் அவர் இறங்கித் தூங்குகிறாரா?" என்று பார்ப்பதற்கென்றே சில பையன்கள் கண் விழித்துக் கிடப்பார்கள்.

அந்தக் கிராமத்துச் சைக்கிள்காரர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனந்தன் பெயர் இருக்கிறது. உடம்பு பட்ட பாடு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதலில் ஓய்வது எது?

நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டினால் முதலில் ஓய்வது கால் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி அல்ல. முதலில் தகராறு செய்வது உட்காரும் இடம்! சீட்டில் தோல் உரசி உரசிப் புண்ணாகும். அடுத்தது உள்ளங்கை. கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருப்பதால் விரல்கள் மரத்துப் போகும். பிறகு கழுத்தும் இடுப்பும் வலிக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றுதான். அது தூக்கம்.

இரண்டு மூன்று நாள் தொடர்ந்து தூங்காதவருக்கு, திறந்த கண்ணிலேயே சில விநாடி தூக்கம் வந்து போகும். அவருக்கே அது தெரியாது. அதற்கும் மேலே போனால் இல்லாதது இருப்பதுபோல் தெரியும். வெறும் பாதையில் ஆள் நிற்பதுபோல் இருக்கும்.

சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சீட்டின் உயரத்தைப் பலர் கவனிப்பது இல்லை. குள்ளமாக வைத்து ஓட்டினால் முழங்கால் கெடும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். இதற்குக் காசு செலவு இல்லை. ஒரு ஸ்பேனர் போதும்.

கடல் இல்லாத ஊரில் நீச்சல்

சைக்கிளைப் பார்த்தோம். இனி தண்ணீரைப் பார்ப்போம்.

எரியோட்டிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போவதானாலும் 100 கிலோ மீட்டருக்கு மேல் போகவேண்டும். வானம் பார்த்த பூமி. ஆனாலும் அங்கே நீச்சல் தெரிந்தவர்கள் ஏராளம். எங்கே கற்றார்கள்? கிணற்றில்!

திண்டுக்கல் சீமையில் தோட்டத்துக் கிணறுதான் நீச்சல் பள்ளிக்கூடம். மாமனோ, சித்தப்பாவோ பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டுவார். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டுவார். "குதிடா!" என்பார். குதிக்க மறுத்தால் பின்னாலிருந்து ஒரு கை தள்ளும். பையன் தண்ணீர் குடிப்பான், அலறுவான். நாலு நாளில் கயிறு தளரும். பத்து நாளில் குடுக்கை கழன்றுவிடும். பிற்காலத்தில் சுரைக்குடுக்கை போய் லாரி டியூப் வந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கேன் வந்தது. மாமன் கையில் உள்ள கயிறு மட்டும் மாறவில்லை.

கிணற்றில் நீந்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆழத்துக்குப் போனால் காலில் சில்லென்று படும். மூச்சு ஒரு தடவை நின்று வரும். இந்தச் சில்லிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனந்தன் கதைக்கு இது தேவைப்படும்.

30 கிலோ மீட்டர் தண்ணீர்

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவே இருப்பது பாக் நீரிணை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோ மீட்டர். எரியோட்டிலிருந்து திண்டுக்கல் போய், பாதி வழி திரும்பி வருகிற தூரம்தான். சைக்கிளில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்.

ஆனால் கடலில் நேர்க்கோட்டில் யாரும் போக முடியாது. நீரோட்டம் இழுக்கும். ஒரு மணி நேரம் நீந்தி முன்னேறியதை, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஓட்டம் பின்னுக்குத் தள்ளிவிடும். சொறி மீன் பட்டால் தோல் தீயாக எரியும். கடல் பாம்பும் உண்டு, சுறாவும் உண்டு. உப்புத் தண்ணீரில் நாக்கு வீங்கும். குடிக்கிற தண்ணீர்கூடக் கசக்கும்.

1954-ல் இலங்கைத் தமிழரான முருகுப்பிள்ளை நவரத்தினசாமி இலங்கைக் கரையில் இறங்கினார். 27 மணி நேரம் நீந்தித் தமிழ்நாட்டில் கோடிக்கரையில் ஏறினார். பாக் நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் அவர்தான்.

12 ஆண்டு கழித்து, 1966 ஏப்ரலில் மிகிர் சென் வந்தார். வங்காளத்துக்காரர். வேடிக்கை என்னவென்றால் அவரும் வக்கீல்தான்! லண்டனில் பாரிஸ்டர் படித்தவர். தலைமன்னாரில் இறங்கி 25 மணி 36 நிமிஷத்தில் தனுஷ்கோடியில் ஏறினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் அவருக்குத் துணையாக வந்தன. 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன தனுஷ்கோடிதான் அவரை வரவேற்றது.

1971-ல் ஆனந்தன் முறை வந்தது. இவர் செய்தது வேறு மாதிரி. இலங்கைக் கரையிலிருந்து நீந்தி இந்தியக் கரைக்கு வந்தார். "அப்பாடா" என்று படுக்கவில்லை. திரும்ப இலங்கைக்கு நீந்திப் போனார்! போக வர 51 மணி நேரம். இரண்டு பகல், இரண்டு இரவு, மேலும் 3 மணி நேரம். அப்போது அவருக்கு 28 வயதுகூட இருக்காது அல்லது அப்போதுதான் நிறைந்திருக்கும்.

கடல் மட்டும் அல்ல. 1981-ல் சென்னை மெரினாவில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில் இன்னொன்று செய்தார். தண்ணீரில் நின்ற இடத்திலேயே கை கால்களை அசைத்து மிதந்துகொண்டிருந்தார். எவ்வளவு நேரம்? 80 மணி நேரம்! கொழும்பில் ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றதும் அவர்தான். இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும். ஒரு வக்கீல் தன் உடம்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுதான் சாமான்

கடல் நீச்சல்காரருக்கு வேண்டிய சாமான்கள் என்ன? பட்டியல் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு ஜட்டி. ஒரு ரப்பர் தொப்பி. கண்ணுக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்!

இங்கிலீஷ் கால்வாயை நீந்துகிறவர்களுக்கு இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். உடம்புக்குச் சூடு தரும் ரப்பர் உடை போடக்கூடாது. மிதக்க உதவும் எதையும் கட்டக்கூடாது. உடம்பில் கொழுப்புத் தடவிக்கொள்ளலாம். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பையும் வாசலினையும் கலந்து அக்குள், கழுத்து, தொடை இடுக்கு எல்லாம் பூசுவார்கள். குளிர் தாங்குவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தோல் உரசிப் புண்ணாகாமல் இருப்பதற்குத்தான் அதிகம் உதவுகிறது.

பெரிய சாமான் ஒன்று பாக்கி இருக்கிறது. அது படகு.

படகு கூடவே வரவேண்டும். ஆனால் நீந்துகிறவர் அதைத் தொடக்கூடாது. தொட்டால் ஆட்டம் முடிந்தது! சாப்பாடு எப்படிக் கொடுப்பது? நீண்ட கம்பின் முனையிலோ, கயிற்றிலோ கட்டி நீட்டுவார்கள். குளுக்கோஸ் தண்ணீர், சூடான பானம், வாழைப்பழம் மாதிரி. மிதந்தபடியே வாங்கி விழுங்கவேண்டும். ராத்திரியில் நீந்துகிறவர் உடம்பில் சிறு விளக்கு கட்டியிருக்கும். படகில் இருப்பவர்கள் அந்த வெளிச்சத்தை விட்டுக் கண் எடுக்கக்கூடாது.

படகில் இருப்பவர் வேலை சாப்பாடு கொடுப்பது மட்டும் அல்ல. அடிக்கடி கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார். "உங்கள் பெயர் என்ன? இன்று என்ன கிழமை?" என்று சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்பார். நிமிஷத்துக்கு எத்தனை தடவை கை வீசுகிறார் என்று எண்ணுவார்.

எதற்காக? குளிருக்காக!

குளிர் என்ற எதிரி

நம் உடம்பின் சூடு 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. ஒரே குளிர்ச்சியில் உள்ள காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். முதலில் நடுக்கம் வரும். விரல்கள் சேராது. பேச்சு குழறும். பிறகு நடுக்கம்கூட நின்றுவிடும். அதுதான் கெட்ட அறிகுறி.

இதில் பயங்கரம் என்ன தெரியுமா? மூளையும் சேர்ந்து குளிர்வதால் நீந்துகிறவருக்குத் தன் நிலைமையே புரியாது. "நன்றாக இருக்கிறேன், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பார். மன உறுதி உள்ளவர்கள்தான் இதில் அதிகமாக ஏமாறுகிறார்கள். ஆகவேதான் முடிவு செய்யும் அதிகாரத்தைத் தண்ணீரில் இருப்பவரிடம் கொடுப்பது இல்லை. படகில் இருப்பவரிடம் கொடுக்கிறார்கள். எரியோட்டுக் கிணற்று மேட்டில் கயிற்றைப் பிடித்து நிற்கும் மாமனிடம் இருப்பதும் அதே அதிகாரம்தான்.

பாக் நீரிணைத் தண்ணீர் கோடையில் 28 டிகிரிக்கு மேல் இருக்கும். உப்பும் ஓட்டமும் சொறியும் தூக்கமும்தான் அங்கே எதிரிகள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள இங்கிலீஷ் கால்வாயோ, ஆகஸ்டு மாதக் கோடையிலும் 16 முதல் 18 டிகிரிதான். தூரம் ஏறத்தாழ அதே 30 கிலோ மீட்டர் கணக்குத்தான். ஆனால் அது வேறு கடல்.

1984-ல் ஆனந்தன் அந்தக் கடலுக்குப் போனார். வயது 41. பாக் நீரிணையைப் போக வர நீந்தியவர். 187 மணி நேரம் சைக்கிளில் இருந்தவர். உலகத்தில் மற்றவர்கள் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல் போனதே அவருடைய பெருமை.

ஆகஸ்டு 6-ந்தேதி. இங்கிலீஷ் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிர் இழந்தார்.

செய்தி கேட்டு இலங்கைத் தமிழர்கள் துடித்தார்கள். ஓராண்டுக்கு முன்பு நடந்த 1983 ஜூலைக் கலவரத்தின் காயம் ஆறாத நேரம் அது. பிற்பாடு கொழும்பில் அவர் நினைவாக நீச்சல் குளம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

ஏறி வந்தவர்கள்

இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் மாத்யூ வெப். கப்பல் கேப்டன். 1875 ஆகஸ்டு 12-ந்தேதி முதல் முயற்சி செய்தார். காற்றும் அலையும் மோசமாக இருந்தன. பாதியில் படகில் ஏறிவிட்டார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். 12 நாள் கழித்து மறுபடி இறங்கினார். 21 மணி 45 நிமிஷத்தில் பிரான்சில் ஏறினார்! முதல் தடவை படகில் ஏறியதால் இரண்டாம் தடவை ஜெயித்தார். அதே வெப், 1883-ல் நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள சுழலை நீந்தப் பார்த்தார். சுழல் அவரை விடவில்லை.

மிகிர் சென்னும் எடுத்த எடுப்பில் கால்வாயை ஜெயித்தவர் அல்ல. 1955-ல் தொடங்கிப் பல தடவை தோற்றுக் கரை ஏறினார். 1958 செப்டம்பர் 27-ந்தேதிதான் 14 மணி 45 நிமிஷத்தில் கடந்தார். இந்தியாவிலிருந்து போய் அதைச் செய்த முதல் மனிதர் ஆனார். மறு ஆண்டு ஆரத்தி சாகா என்ற வங்காளப் பெண் கடந்தார். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். அவரும் முதல் முயற்சியில் தோற்றவர்தான்.

ஜெப்ஸ் வுல்ப் என்று ஒருவர் இருந்தார். அவர் 22 தடவை முயன்றார். ஒரு தடவைகூடக் கடக்கவில்லை! ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

12 வயதுப் பையன்

ஆனந்தன் மறைந்து 10 ஆண்டு ஆயிற்று. அதே கால்வாய். அதே ஆகஸ்டு மாதம். 1994-ம் ஆண்டு 15-ந்தேதி, இந்தியச் சுதந்திர தினம். தமிழ்நாட்டுப் பையன் ஒருவன் அந்தக் குளிர்த் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தான். பெயர் குற்றாலீஸ்வரன். வயது 12. இன்னும் சரியாகச் சொன்னால் 12 ஆண்டு, 280 நாள்.

சட்டப்படி, தண்ணீரைத் தாண்டிக் காய்ந்த தரையில் யார் உதவியும் இல்லாமல் எழுந்து நிற்கவேண்டும். பையன் நின்றான்!

அந்த ஆண்டில் அவர் பாக் நீரிணையையும் கடந்திருந்தார். ஒரே ஆண்டில் 6 கடல் பகுதிகளைக் கடந்து, 1966-ல் மிகிர் சென் செய்திருந்த 5 என்ற கணக்கை முந்தினார். பிற்பாடு அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

இன்று அதே வயதில் வேறு ஒரு பையன் போனால் கால்வாயில் இறங்க முடியாது. 16 வயது நிரம்பாதவர்களை அங்கே நீந்த விடுவது இல்லை.